நாலாம் நம்பர் தோட்டா

கட்சிக்காரர் சிறுமுகைப் பக்கத்து விவசாயி. கடலைக் காட்டில் மேய்ந்த புள்ளிமானை லைசென்ஸ் துப்பாக்கியால் கிட்டத்திலிருந்து சுட்டிருந்தார். பன்னிரண்டு போர், ஒற்றைக் குழல். ஓடிய மான் மறுநாள் பக்கத்துத் தோட்டத்து வாழைக்குள் செத்துக் கிடந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் வழக்கு.

"ஏனுங்க சார், கவுதாரி சுடற நாலாம் நம்பர் தோட்டாவுங்க அது. கொல்றவன் அதையா போடுவான்? வெரட்டத்தானுங்க சுட்டேன்" என்றார்.

அதையே வாதமாக்கிக் கால்நடை மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்தேன். சான்றுப் பொருளாக ஒரு சிறு புட்டி. உள்ளே கடுகைவிடச் சற்றே பெரிய ஈயக் குண்டுகள். இதயத்தில் ஒன்றுகூடப் படவில்லை என்று ஒப்புக்கொண்டார். கேட்காமலே தொடர்ந்தார்: "ஈரலிலும் இரைப்பையிலும் துளைகள். ரத்தம் உள்ளேயே கசிந்து, வெகுநேரம் உயிரோடு கிடந்திருக்கும்." மாஜிஸ்திரேட் புட்டியை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். பிரிவு 2(16)-ன்படி காயப்படுத்துவதும் வேட்டைதான். அதற்குமேல் அந்த வாதம் நிற்கவில்லை.

வேட்டைக்கு லைசென்ஸ் தந்த காலத்திலும் இந்தத் தோட்டாவுக்கு இடமில்லை. பழைய 17-ம் பிரிவின்படி புள்ளிமான் போன்றவற்றை ரைபிளால்தான் சுட வேண்டும். தனி அனுமதி இருந்தால் மட்டும் ஒற்றைக் குண்டுத் தோட்டா. 1991 திருத்தத்தில் அந்தப் பிரிவே போயிற்று. இங்கிலாந்தில் இன்றும், சிறு இனங்கள் சில நீங்கலாக, மானைச் சுடும் ரைபிளுக்கு .240 அங்குலக் காலிபரும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் குறைந்தபட்சம் வேண்டும். சுட்டால் உடனே விழ வேண்டும், துடிக்கக் கூடாது என்ற கணக்கு. அங்கே அது வேட்டைக்காரனின் மரியாதை. இங்கே சுடுவதே குற்றம் என்றான பிறகு, எந்தக் காலிபர் நியாயமானது என்று யாரிடம் வாதாடுவது?

பட்டா நிலம், விளைந்த பயிர் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "பயிர்ச்சேதம் என்றால் பிரிவு 11-ன்கீழ் அனுமதி கேட்டிருக்கலாமே, மனுவாவது போட்டாரா?" என்றார் மாஜிஸ்திரேட். போடவில்லை. அபராதம் விதித்தார், துப்பாக்கி பிரிவு 39-ன்படி அரசுக்குப் போனது.

காட்டோரம் வெள்ளாமை செய்பவர்கள், மான் இறங்கினால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். அன்று 25,000 ரூபாயாக இருந்த அபராத உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் ஒரு லட்சம்.