ஒரு பிடி சோறு

விரதம் நம் வீடுகளுக்குப் புதியதன்று. வெள்ளிக்கிழமையும் கந்தசட்டியும் பசித்திருந்து பழகியவர்கள் நாம். ஆகையால், இலண்டனிலுள்ள எம் தங்கையின் 14 வயது மகள் உணவைக் குறைத்து வருகிறாள் என்று கேள்வியுற்றபோது, அதை நாம் பெரிதாகக் கொள்ளவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, “மெலிந்து வடிவாய் இருக்கிறாய்” என்று தொலைபேசியில் புகழ்ந்தும் விட்டோம். அச்சொல்லை எண்ணி இன்றும் வருந்துகிறோம்.

ஆறு மாதங்களில் வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார்: அனோரெக்சியா நேர்வோசா. அஃது அடமன்று, இதயத் துடிப்பையே தளர்த்தி உயிரையும் வாங்கவல்ல நோய். 1870களில் அதற்கு அப்பெயரிட்ட இலண்டன் வைத்தியர் வில்லியம் கல், நோயாளியைப் பராமரிக்க உறவினர் தகாதவர் என்றே கருதினார். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தியம் செய்யும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் உருவான முறையோ, பெற்றோரைக் குற்றவாளிகளாக்காது, மருந்தை அவர்கள் கையிலேயே கொடுத்தது. அம்மருந்து உணவுதான். இளவயதில் நோயுற்று மூன்றாண்டு கடவாதவர்களுக்கு இம்முறை தனியாள் சிகிச்சையிலும் நற்பயன் தருவதை 1987இல் வெளியான ஆய்வு காட்டியது.

நாம் அங்கு சென்றிருந்தபோது, எதை உண்பது, எவ்வளவு உண்பது என்பவற்றைத் தாயும் தந்தையுமே தீர்மானித்தனர். சோறு, பருப்பு, மீன்குழம்பு, மேலே நெய். பிள்ளை அழுதாள்; தட்டைத் தள்ளினாள். தங்கை ஏசவுமில்லை, கெஞ்சவுமில்லை. “இப்படிப் பேசுவது நீயில்லைப் பிள்ளை, அந்த வருத்தம். நான் பக்கத்திலேயே இருக்கிறன், சாப்பிடு” என்றாள். ஒரு தட்டு முடிய ஒன்றரை மணிநேரம் சென்றது. தம்பிக்கு உணவூட்டும் பொறுப்பில்லை. அருகிலிருந்து பகிடி சொல்வதே அவன் பங்கு.

மனம் பொறாது, “இன்றைக்கு விட்டுவிடேன்” என்றோம் நாம்.

“அக்கா, இன்றைக்கு விட்டால் வெல்லுறது பிள்ளையில்லை, நோய்தான்” என்றாள் தங்கை. அதன்பின் நாம் வாய் திறக்கவில்லை. எமது தட்டை எடுத்துக்கொண்டு அவளருகில் அமர்ந்து உண்டோம்.

நிறை ஏற ஏற, உணவைத் தெரியும் உரிமை சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திரும்பிற்று. ஓராண்டு சென்றது. எல்லோருக்கும் இம்முறை பலிப்பதில்லை என்பதை மறைத்தற்கில்லை. ஆயினும், பிள்ளை உணவை ஒதுக்கி மெலியக் கண்டால், புகழாதீர்கள், பழிக்காதீர்கள், வைத்தியரிடம் காட்டத் தாமதியாதீர்கள்.

சென்ற மாதம் தொலைபேசியில் அவள் எம்மிடம் கேட்டது ஒன்றே: “பெரியம்மா, வரேக்கை பருத்தித்துறை வடை கொண்டு வாங்கோ.”