எழுபதாவது வளைவுக்கு அப்புறம்...

செமஸ்டர் முடிஞ்சாச்சு. 'எங்கேயாவது போலாம் மச்சி'னு ஹாஸ்டல் ரூம்ல மாநாடு போட்டாச்சு. ஒருத்தன் ஊட்டிங்கிறான், இன்னொருத்தி கொடைக்கானல்ங்கிறா. பர்ஸைத் திறந்து பார்த்தா அதுல காந்தித் தாத்தா சிரிக்கிறதே அபூர்வம். சேலம், நாமக்கல் பக்கம் படிக்கிறவங்களுக்குக் கடைசியில ஏற்காடுதான் கைகொடுக்கும். அதையும் ஃபர்ஸ்ட் இயர்லேயே நாலு தடவை பார்த்து முடிச்சிருப்பீங்க.

அப்படின்னா இந்த முறை வண்டியைக் கொல்லிமலைப் பக்கம் திருப்புங்க. நாமக்கல் டவுன்ல நின்னு கிழக்கே பார்த்தா நீல நிறத்துல ஒரு சுவர் மாதிரி நிக்குதே, அதுதான். 'போயிருக்கோமே, எழுபது வளைவு, ஒரு அருவி'ன்னு சிலர் சொல்றது காதுல விழுது. சரி பாஸ், எழுபதாவது வளைவுக்கு அப்புறம் என்ன பார்த்தீங்க?

ஸ்டியரிங் பத்திரம்!

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியா வந்தா அடிவாரத்துல காரவள்ளி. அங்கிருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருப்பாங்க. இருபதாவது நம்பர் வரைக்கும் பஸ்ல எல்லாரும் சேர்ந்து கத்தி எண்ணுவாங்க. நாப்பதுக்கு மேல பாதிப் பேர் கண்ணை மூடிக்கிட்டு எலுமிச்சம்பழத்தை மோந்துட்டு இருப்பாங்க. கீழே கொதிக்கிற வெயில் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, மேலே போனதும் காத்து சில்லுனு முகத்துல அடிக்கும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற இந்த மலையோட மேற்பரப்பு கிட்டத்தட்ட 280 சதுர கிலோமீட்டர். உயரம் இடத்துக்கு இடம் 1,000 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர் வரைக்கும் போகும். ஊட்டி மாதிரி ஹோட்டல் வரிசை, மால் ரோடு எல்லாம் எதிர்பார்க்காதீங்க. சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி, அதுக்குக் கீழே காபிச் செடி, ஓரத்துல பலா, அன்னாசி, மலைவாழை. நடுவுல சின்னச் சின்ன ஊர்கள், பள்ளத்துல நெல் வயல். இது சுற்றுலாவுக்காகக் கட்டின ஊர் இல்லை. ஜனங்க காலங்காலமா வாழுற ஊர்.

வில்லுக்கு ஓரி!

செம்மேட்டுல இறங்கினதும் குதிரை மேல வில்லோட ஒருத்தர் சிலையா நிப்பார். இவர்தான் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்கள் லிஸ்ட்ல பேகன், பாரியோட பேரைப் படிச்சு பார்ட்-1 தமிழ்ல ரெண்டு மார்க் வாங்கியிருப்பீங்களே, அதே ஓரி.

புறநானூறு 152-ம் பாட்டுல வன்பரணர் ஒரு சீன் சொல்றார். ஒரே ஒரு அம்பு... யானையைத் துளைச்சு, புலியைத் தாண்டி, மானை உருட்டி, பன்றியைச் சாய்ச்சு, கடைசியா புற்றுல இருந்த உடும்புல போய்க் குத்தி நிக்குது. நம்ம மாஸ் ஹீரோக்கள் எல்லாம் கொஞ்சம் ஓரமா நில்லுங்கப்பா! அதுக்கப்புறம் வர்றதுதான் இன்னும் அழகு. எய்தவன் யாருன்னு தெரியாமலே பாணர் கூட்டம் பாட ஆரம்பிக்குது. தன் புகழைத் தன் காதாலேயே கேட்ட மனுஷன் கூச்சப்படுறான். அப்புறம் வேட்டைக் கறியும், தன் மலையில கிடைச்ச பொன்னும் மணியும் அள்ளிக் கொடுக்கிறான்.

இந்த ஓரிக்கு வில்லன் திருமுடிக்காரி. ஓரியோட குதிரை பேரும் ஓரி, காரியோட குதிரை பேரும் காரி! போர்ல ஓரியைக் கொன்னு, கொல்லியைச் சேர மன்னனுக்குக் கொடுத்துட்டான் காரி. ஜெயிச்சது காரி. ஆனா வருஷா வருஷம் ஆடி 17, 18 தேதிகள்ல அரசு விழா எடுத்து, வில்வித்தைப் போட்டி நடத்திக் கொண்டாடுறது தோத்துப்போன ஓரியைத்தான்.

சிரிச்சா செத்தோம்!

கொல்லிமலைக்கு ஏன் அந்தப் பேருன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்வாங்க. ஃபேமஸான கதை கொல்லிப்பாவை. தெய்வம் செஞ்சு வெச்ச ஒரு பெண் சிலை, பார்க்கிறவங்களைச் சிரிச்சே மயக்கிக் கொன்னுடுமாம். நற்றிணையில தலைவியோட அழகுக்கு உவமையா இந்தப் பாவையைச் சொல்லியிருக்காங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே 'அவ சிரிச்சா நான் காலி மச்சி'ன்னு டயலாக் விட்ட பசங்க இருந்திருக்காங்க! இன்னிக்கு இங்கே இருக்கிற எட்டுக்கை அம்மனைத்தான் அந்தக் கொல்லிப்பாவைன்னு மக்கள் கும்பிடுறாங்க.

அடுத்து அறப்பளீஸ்வரர் கோயில். தேவாரத்துல 'அறப்பள்ளி'ன்னு வர்ற பழைய தலம். பக்கத்துல ஓடுற ஐயாற்றுல மீன்களுக்குப் பொரி போடுவாங்க. இந்த மீன்களை யாரும் பிடிக்கிறதில்லை. முன்னாடி ஒருதரம் பிடிச்சு சமைச்சப்போ துண்டுகள் மறுபடி ஒட்டி உயிரோட துள்ளி ஆத்துல குதிச்சதுன்னு கதை.

அந்த ஆறுதான் கொஞ்ச தூரம் போய் ஆகாயகங்கையா விழுது. சுமார் 300 அடி. பார்க்கணும்னா ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். இறங்குறது ஜாலி. ஏறும்போதுதான் ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து பங்க் பண்ணின பி.டி. பீரியட் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஆனா அந்தச் சாரல் முகத்துல பட்ட நிமிஷம், ஏற வேண்டிய படி எல்லாம் மறந்துடும். விழுந்த தண்ணி அப்படியே திருச்சி மாவட்டப் பக்கம் புளியஞ்சோலைக்குப் போகுது. முழங்கால் ஒத்துழைக்காதுன்னா மாசிலா அருவி, நம் அருவி ரெண்டும் ஈஸி.

இத்தோட ரிட்டர்ன் அடிக்கிறவங்கதான் அதிகம். நீங்க அடிக்காதீங்க. மெயின் பிக்சரே இனிமேல்தான்!

அவங்க 'மலையாளி', ஆனா கேரளா இல்லை

வழியில ஊர் போர்டுகளைக் கவனிச்சீங்களா? வளப்பூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு... மொத்தம் 14 ஊராட்சி, எல்லாத்துக்கும் 'நாடு'ன்னுதான் பேர். கீழே நமக்கு பழைய கல்வெட்டுல மட்டும் பார்க்கக் கிடைக்கிற 'நாடு' பிரிவு இங்கே பஞ்சாயத்து போர்டுல உயிரோட இருக்கு.

இந்த மக்களுக்குப் பேர் மலையாளி. பேசுறது தமிழ். மலையை ஆள்கிறவங்கன்னு அர்த்தம் சொல்றாங்க. காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேர், ஆளுக்கொரு மலையா சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலைன்னு பிரிஞ்சு போனாங்கன்னு அவங்க வாய்வழிக் கதை சொல்லுது. உங்க கிளாஸ்லேயும் இந்த மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற ஃப்ரெண்ட் யாராவது இருக்கலாம். டூர் பிளான் போடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட பத்து நிமிஷம் பேசுங்க. எந்த கைடும் சொல்லாத விஷயம் கிடைக்கும்.

குறிஞ்சித் திணையும் குச்சிக்கிழங்கும்

குறிஞ்சிப் பாட்டுன்னாலே தினைப்புனம், கிளி விரட்டுற பொண்ணு, பரண்... இதெல்லாம் சிலபஸ்ல மட்டும் இருக்கிற விஷயம்னு நினைச்சீங்களா? தினை, சாமை, கேழ்வரகு எல்லாம் இந்த மலையில மழையை மட்டும் நம்பி, சரிவான மேட்டு நிலத்துல காலங்காலமா விளைஞ்சது. சாமைன்னா ஒரே சாமை இல்லை. கட்டவெட்டி சாமை, மல்லிய சாமை, பெருஞ்சாமைன்னு ரகத்துக்கு ஒரு பேர். சீக்கிரம் விளையுறது ஒண்ணு, மெதுவா விளைஞ்சு அதிகமா தர்றது ஒண்ணு. மண்ணையும் மழையையும் பார்த்து எதை விதைக்கணும்னு முடிவு பண்ற அறிவு, அந்தப் பாட்டிங்க தலைக்குள்ளதான் இருந்தது.

இப்போ சரிவுகளைப் பாருங்க. நிறைய இடத்துல நிக்கிறது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. ஏன்? அதுக்குப் பதில் மலையில இல்லை, கீழே சேலத்துல இருக்கு.

இரண்டாம் உலகப் போர் சமயத்துல மலேயா பக்கமிருந்து வந்துட்டு இருந்த ஜவ்வரிசி நின்னுபோச்சு. அந்த இடத்தைப் பிடிச்சது சேலம். குச்சிக்கிழங்கை அரைச்சு ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் செய்யுற ஆலைகள் சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கமெல்லாம் பரவினது. 1981-ல 'சேகோசர்வ்' கூட்டுறவு அமைப்பும் வந்தது. 2023-ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கூட கிடைச்சாச்சு. அத்தனை ஆலைக்கும் கிழங்கு வேணும். கீழே நிலம் பத்தலைன்னா மலை இருக்கே!

மலை விவசாயி பக்கமிருந்து யோசிங்க. கிழங்கு போட்டா மொத்தமா கையில காசு. வண்டி தோட்டத்துக்கே வந்து ஏத்திட்டுப் போயிடும். சாமை போட்டா அறுத்து, அடிச்சு, புடைச்சு, அப்புறம் உரல்ல போட்டுக் குத்தணும். பொடிப் பொடித் தானியம், ஒண்ணுக்கு மேல ஒண்ணா உமி. ஒரு வேளைச் சோத்துக்கு வீட்டுப் பொம்பளைங்க தோள்பட்டை கழண்டுபோகும். ரேஷன் கடையில அரிசி கிடைக்க ஆரம்பிச்சதும் யார் உலக்கை தூக்குவா? கிழங்குக் காசுலதான் வீட்டுக்கு ஓடு வந்தது, பிள்ளைங்க காலேஜ் ஃபீஸ் கட்டினாங்க. அதைத் தப்புன்னு சொல்ல கீழே மிக்ஸி, கிரைண்டரோட உட்கார்ந்திருக்கிற நமக்கு என்ன ரைட்ஸ் இருக்கு?

ஆனா நஷ்டமும் இருக்கு. சரிவுல கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது மண் இளகி, அடுத்த மழையில கரைஞ்சு போகுது. ஆலை வாங்குற விலை இறங்கினா வீட்டு அடுப்பும் சேர்ந்து இறங்குது. சாமையா இருந்தா விக்காட்டியும் சாப்பிடலாம். ஒரு வருஷம் விதைக்காம விட்டா பரவாயில்லை. நாலஞ்சு வருஷம் விட்டா அந்த ரகத்தோட விதையே ஊர்ல இருக்காது. புதுசா எந்த லேப்ல போய் வாங்குறது?

குத்துற கஷ்டத்தைக் குறைச்சாங்க!

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்ல இருந்து இங்கே வேலை செய்யுது. 'சாமை நல்லது, சாப்பிடுங்க'ன்னு மைக் பிடிச்சுட்டு மட்டும் போகலை. உமி நீக்குற சின்ன மெஷின்களைக் கிராமத்துக்கே கொண்டு வந்தாங்க. ஊர் ஊருக்கு விதை வங்கி வெச்சாங்க. விதையைக் கடன் வாங்கி, விளைஞ்சதும் விதையாவே திருப்பிக் கொடுக்கணும். மகளிர் குழுக்கள் சாமை அரிசி, தினை மாவுன்னு பாக்கெட் போட்டு விக்க ஆரம்பிச்சாங்க. உலக்கையோட போராட்டம் குறைஞ்சதும் சாமைக்கு மறுபடி கொஞ்சம் மூச்சு வந்தது.

2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டா கொண்டாடினதுல, சிட்டி சூப்பர் மார்க்கெட்ல சாமைக்கு மவுசு ஏறிடுச்சு. சாதாரண அரிசியை விட ரேட் அதிகம். அந்தக் காசு மலைக்கு எவ்வளவு வந்து சேருதுங்கிறதுதான் கேள்வி. நடுவுல கை மாறாம மலையிலேயே விலைக்கு வாங்குறவங்க வேணும். அங்கேதான் ஃப்ரெண்ட்ஸ், நீங்க வர்றீங்க!

வருஷம் பூரா மலை ஏறுறவங்கள்ல பலர் பரோட்டாவும் ஃப்ரைட் ரைஸும் கேக்குறோம். கேக்குறதைத்தானே கடைக்காரர் போடுவார்? 'அக்கா, சாமைச் சோறு கிடைக்குமா? களி கிடைக்குமா?'ன்னு கேட்டுப் பாருங்க. முதல் கடையில இல்லைன்னு சொல்லலாம். பத்து பேர் கேட்டா பதினோராவது ஆளுக்கு இருக்கும். திரும்பும்போது சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பதிலா மகளிர் குழு விக்கிற ஒரு கிலோ சாமை அரிசியை அம்மாவுக்கு வாங்கிட்டுப் போங்க. 'பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சு'ன்னு அம்மா ஷாக் ஆவாங்க. பாட்டி இருந்தா அதை வெச்சே ஒரு மணி நேரம் கதை சொல்லும்.

தாவரவியல், வரலாறு, தமிழ், சோஷியல் வொர்க் படிக்கிறவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா டிப்ஸ். ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு நெட்ல காப்பி அடிக்கிறதை விட்டுட்டு, ஏதாவது ஒரு 'நாட்டை' எடுத்துக்கிட்டு அங்கே இப்போ எத்தனை ரக சாமை மிச்சம் இருக்குன்னு கேட்டு எழுதுங்க. மார்க் கிடைக்கும். அந்தப் பாட்டிங்க சொல்ற பேர்கள் எழுத்துலயும் நிக்கும்.

புறப்படுறதுக்கு முன்னாடி...

* நாமக்கல்லிலிருந்து செம்மேடு சுமார் 55 கி.மீ. பஸ் உண்டு. கடைசி பஸ் டைமைக் காலையிலேயே கேட்டு வெச்சுக்கோங்க.

* பைக்ல போறவங்க இறங்கும்போது நியூட்ரல்ல விடாதீங்க. லோ கியர்லயே வாங்க. ஏறுற வண்டிக்கு வழி விடுங்க. இருட்டுறதுக்குள்ள கீழே வந்துடுங்க.

* காலையிலேயே சோளக்காடு சந்தையை எட்டிப் பாருங்க. பலா, அன்னாசி, மலைவாழை, மிளகுன்னு சீசனுக்குத் தகுந்த மாதிரி கிடைக்கும்.

* கடைகள்ல 'முடவாட்டுக்கால் சூப்' விப்பாங்க. ஆட்டுக்கால் இல்லை பயப்படாதீங்க. பாறையிலும் மரத்துலயும் படர்ற ஒரு பெரணியோட கிழங்கு. சூப் குடிங்க, காட்டுல போய் நீங்களே பிடுங்காதீங்க. அதுவும் குறைஞ்சுட்டு வருது.

* மழை அதிகமா இருந்தா ஆகாயகங்கையில குளிக்க விட மாட்டாங்க. 'ஒரே ஒரு தடவைண்ணே'ன்னு கெஞ்சாதீங்க. பாறை வழுக்கும்.

* சீக்குப்பாறை வியூ பாயின்ட்ல நின்னு கீழே பாருங்க. சமவெளி மொத்தமும் காலடியில விரிஞ்சு கிடக்கும். தண்ணி பாட்டிலை அங்கேயே வீசிட்டு வராதீங்க.

அடுத்த லீவுக்கு பிளான் ரெடியா? சாமைச் சோறு சாப்பிட மறந்துடாதீங்க!