சைகோனிலிருந்து விமானத்தில் வந்த அம்மா

ஸ்காபரோவில் நான் வேலை செய்த தொழிற்சாலையில், பக்கத்து மேசையில் ஒரு வியட்நாமிய அக்கா இருந்தார். 1979இல் படகேறி, மலேசியாவின் பூலாவ் பிடோங் தீவு முகாமில் கிடந்து, பிறகு கனடா வந்தவர். அவருடைய அம்மா வந்த விதம் வேறு. மகளின் ஸ்பொன்சர், சைகோனிலேயே நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, பாங்கொக் வழியாக விமானம். அந்த அம்மா கையோடு கொண்டுவந்த நெஞ்சு எக்ஸ்ரே உறையை அக்கா ஒருநாள் எனக்குக் காட்டினார். மூலைகள் மடங்கிய பழுப்பு உறை. பெயருக்கு மேலே பேனாவால் ஓர் இலக்கம்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னை அனுப்ப அப்பா காணியை விற்று ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டினார். வேறொருவரின் பாஸ்போட்டில், அவருடைய பிறந்த திகதியைப் பாடமாக்கிக்கொண்டு வந்தவன் நான். ஈழத் தமிழரான எங்களில் எத்தனையோ பேரின் கதை அதுதான்.

அந்த உறைக்குப் பின்னால் அரசுகள் கூடிச் செய்த ஏற்பாடு ஒன்று இருந்தது. 1979 மே 30ஆம் திகதி, ஐ.நா. அகதிகள் ஆணையமும் வியட்நாமும் ஒழுங்கான வெளியேற்றத் திட்டத்துக்கு உடன்பட்டன. ஜூலையில் 65 நாடுகள் ஜெனீவாவில் கூடின. அகதிகளை ஏற்க நாடுகள் தருவதாகச் சொன்ன இடங்கள் 125,000இலிருந்து 260,000 ஆயின. பதிலுக்கு வியட்நாம் படகுகளைத் தடுப்பதாகச் சொன்னது; அதில் பிடிபட்டுச் சிறை போனவர்களும் உண்டு.

திட்டம் இலகுவாக ஓடவில்லை. போகலாம் என்று வியட்நாம் நீட்டிய பட்டியலும், வரலாம் என்று அமெரிக்கா நீட்டிய பட்டியலும் ஆரம்பத்தில் பொருந்தவேயில்லை. இரு தரப்பும் சம்மதித்த பெயருக்குத்தான் பயணம். வெளியேறும் அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஆனாலும் 1984இல் வியட்நாமைச் சுற்றியுள்ள பிராந்தியத்தில் படகில் வந்திறங்கியவர்கள் 24,865 பேர். திட்டத்தின் வழியே போனவர்கள் 29,100 பேர். முதல் தடவையாகச் சட்டவழி கடல்வழியை மிஞ்சியது. கடலில் மூழ்கியவர்களையும் கொள்ளையரிடம் அகப்பட்டவர்களையும் நினைக்கிறபோது, அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் எனக்குப் பெரிது.

கனடாவில் இன்னொரு வழியும் இருந்தது: ஐந்து பேர் சேர்ந்தால் ஓர் அகதிக் குடும்பத்தை ஓராண்டு தாங்க முடிந்தது. 1979, 80இல் வந்த 60,000 இந்தோசீன அகதிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படித் தனியார் ஸ்பொன்சரில் வந்தவர்கள். அதற்காக 1986இல் கனடிய மக்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சன் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு ஓகஸ்டில்தான் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கள் ஆட்கள் 155 பேரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். 2010இல் சன் சீ கப்பலில் எங்கள் ஆட்கள் 492 பேர் வந்தபோது நேரே தடுப்புக்காவலுக்குக் கொண்டுபோனார்கள். எங்களுக்காக ஜெனீவாவில் அப்படியொரு மேசை போடப்படவில்லை.

பிறகு எங்கள் கரைக்கே அகதிகள் வந்தார்கள்: 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களுடன் ஒரு படகு முள்ளிவாய்க்காலில் ஒதுங்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், நவம்பர் இறுதியில், ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களைக் கனடா நிறுத்தி வைத்திருந்தது. விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன என்பது காரணம். 1980இல் 50,000 என்ற இலக்கை 60,000 ஆக உயர்த்தியதும் இதே நாடுதான். அதைச் சுட்டிக்காட்டி எங்கள் தொகுதி எம்.பி.க்கு நாங்கள் ஐந்து பேர் கடிதம் எழுதியிருக்கிறோம். எல்லோருமே ஏஜென்சியால் வந்தவர்கள்.