இத்தாலிப் பயணம்: கசெர்ட்டாவில் உறங்கும் சுழற்பந்து வீச்சாளர்

நேப்பிள்ஸில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கசெர்ட்டா வந்துவிடுகிறது. இறங்குகிற கூட்டம் முழுக்க அரண்மனையை நோக்கித்தான் போகிறது. 1752இல் போர்பன் மன்னர் கட்டத் தொடங்கியது, 1,200 அறைகள். இத்தாலியிலிருந்த ஜெர்மன் படைகள் சரணடைந்த ஒப்பந்தம் 1945 ஏப்ரல் 29 அன்று அங்கேதான் கையெழுத்தானது. அரண்மனையைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன். எனக்கு இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியிருந்தது போர்வீரர் கல்லறைத் தோட்டம்.

காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான். பெரியவர், சிறியவர் என்ற பேதம் இல்லாத அந்த வரிசைகளில் ஒருவராக இருக்கிறார் கேப்டன் ஹெட்லி வெரிட்டி. கிரீன் ஹோவர்ட்ஸ் படைப்பிரிவு. இறந்தது 1943 ஜூலை 31. வயது 38.

கிரிக்கெட் புள்ளிவிவரம் படிப்பவர்கள் இந்தப் பெயரைக் கடந்திருப்பார்கள். 1932இல் லீட்ஸில் நாட்டிங்ஹாம்ஷயர் அணியை 67 ரன்னுக்குச் சுருட்டியபோது, 10 ரன் கொடுத்து 10 விக்கெட்டையும் எடுத்த யார்க்ஷயரின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் இவர். முதல்தர கிரிக்கெட்டில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் அவருடைய உச்சம் அதுவல்ல என்பேன். 1934 லார்ட்ஸ் டெஸ்டில், மழையில் நனைந்து காய்ந்துகொண்டிருந்த பிட்சில், ஒரே நாளில் 14 ஆஸ்திரேலிய விக்கெட்டுகளை வீழ்த்தினார். பிராட்மேனை இரண்டு இன்னிங்ஸிலும் ஆட்டமிழக்கச் செய்தார். இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை இங்கிலாந்து வென்றது அந்த ஒரு முறைதான். டெஸ்டில் பிராட்மேன் வெரிட்டியிடம் எட்டு முறை விழுந்திருக்கிறார்.

நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டில் ஆடியவர் வெரிட்டி. நம் பக்கம் அமர் சிங் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுக்க, வெரிட்டி 49 ரன்னுக்கு 7 எடுத்து இந்தியாவை 145இல் மடக்கினார். இரண்டாம் இன்னிங்ஸிலும் நான்கு. சி.கே.நாயுடுவின் அணி 202 ரன் வித்தியாசத்தில் தோற்றது. இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டினுக்கு அதுவே கடைசி டெஸ்ட். அவர் மீது கொண்ட மரியாதையால் வெரிட்டி தன் மகனுக்கு டக்ளஸ் என்று பெயர் வைத்தார்.

1939 செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாளில் ஹோவ் மைதானத்தில் சசெக்ஸ் அணிக்கு எதிராகப் பந்து வீசிக்கொண்டிருந்தார். 9 ரன்னுக்கு 7 விக்கெட். சசெக்ஸ் 33 ஆல் அவுட். விளக்கணைப்பு தொடங்கிவிட்ட இருண்ட சாலைகளில் யார்க்ஷயர் அணி பஸ்ஸில் ஊர் திரும்பியது. அதன் பிறகு அவர் முதல்தர ஆட்டம் ஆடவில்லை. அப்போது வயது 34. அவருக்கு முன்னால் அதே அணியில் அதே இடக்கைச் சுழலை வீசிய வில்ஃப்ரெட் ரோட்ஸ் 52 வயதில் டெஸ்ட் ஆடியவர். இதை நினைத்துப் பார்த்தால் போர் எத்தனை ஆண்டுகளைப் பறித்தது என்பது புரியும்.

விளையாட்டு வீரருக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பான வேலை எதையும் அவர் தேடவில்லை. போர் வரும் என்று 1938இலேயே உணர்ந்து, ராணுவ அதிகாரி ஒருவரிடம் புத்தகங்கள் வாங்கிப் படித்தவர். மட்டையாளரைப் படிப்பது போலவே போர்முறையையும் படித்தார். படையோடு இந்தியாவுக்கும் வந்தார். ராஞ்சியில் வயிற்றுக்கடுப்பு அவரை வாட்டியெடுத்தது. அங்கிருந்து பாரசீகம், சிரியா, எகிப்து; 1943 ஜூலையில் சிசிலி.

ஜூலை 19 இரவு, கட்டானியா சமவெளியில் தம் கம்பெனியை முன்னின்று நடத்திப் போனார். எதிரியின் குண்டுகளில் கோதுமை வயல் தீப்பற்றியது. வெரிட்டிக்கு மார்பில் குண்டு பாய்ந்தது. விழுந்த பிறகும் தன் ஆட்களை நிற்காமல் முன்னேறச் சொன்னார். அவரைத் தூக்கிவர வழியில்லை. அவருடைய உதவியாள் மட்டும் கூடவே இருந்தார். இருவரையும் ஜெர்மானியர் சிறைபிடித்தார்கள். காயத்தோடு கடல் கடந்து, நேப்பிள்ஸ் வழியாக இந்தக் கசெர்ட்டாவின் ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அறுவை சிகிச்சை செய்தும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. இத்தாலியர்கள் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். எதிரிக்குச் செய்த அந்த மரியாதைக்காக அவர்கள் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது. யார்க்ஷயரில் மறுமுனையிலிருந்து வேகப்பந்து வீசிய நண்பர் பில் பௌஸ் அப்போது இதே இத்தாலியில் போர்க்கைதி.

40 டெஸ்ட், 144 விக்கெட். முதல்தர ஆட்டங்களில் 1,956 விக்கெட், சராசரி 14.90.

கசெர்ட்டா அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கி இங்கும் போய் வாருங்கள். சேப்பாக்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த மைதானத்தின் முதல் டெஸ்டில் 11 விக்கெட் எடுத்தவரின் பெயரை விட்டுவிடாதீர்கள்.

(தொடரும்)