தொழிலாளியின் கையுறை

'கோதை' என்னும் சொல் பூமாலையைக் குறிக்கும். வில்வீரர், நாணின் உராய்வால் தோல் உரியாதபடி கையிற் கட்டிய தோலுறைக்கும் அதுவே பெயர். கைக்கு உறை அணிதல் தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இவ்வொரு சொல்லே சான்றாகும். வில் மறைந்தது, நாணும் மறைந்தது. ஆயினும் உறை வேண்டி நிற்கும் கைகள் இன்றும் உள்ளன. கார் பழுதுபார்க்கும் தொழிலாளியின் கை அவற்றுள் ஒன்று.

அக்கை ஒரு நாளில் எதிர்கொள்ளும் பகை பல. புகைக்குழாயின் வெப்பம் சுடும். தகட்டின் விளிம்பு கீறும். பாட்டரியில் உள்ள கந்தக அமிலம் அரிக்கும். இவை வலியினால் தம் வரவை உடனே உணர்த்திவிடும். ஓடிக் கறுத்த என்ஜின் எண்ணெயோ அவ்வாறு உணர்த்துவதில்லை. கையிற் பட்டால் வழவழப்பாக, இதமாகவே இருக்கும். ஆனால் என்ஜினின் வெப்பத்தில் நாள்பட வெந்த எண்ணெயில், தோலிற் புற்றுநோய் விளைக்கவல்ல பொருள்கள் சேர்கின்றன.

எண்ணெய் தோலுக்குச் செய்யும் தீங்கை இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பஞ்சாலைகள் உலகிற்குக் காட்டின. அங்கு நூற்பு எந்திரங்களுக்கு இட்ட எண்ணெய் தெறித்துத் தொழிலாளரின் காற்சட்டையில் ஊறிற்று. ஊறிய துணி பல்லாண்டு உடலோடு உராய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தொழிலாளருள் பலர் தோற்புற்றுக்கு இரையாயினர். தெறித்த எண்ணெயை விடாது பிடித்துத் தோலோடு அணைத்து வைத்திருந்தது அத்துணியே என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். அழுக்கேறிய கையுறையும் அத்தகையதே. வெறுங்கையில் பட்ட எண்ணெயை உடனே கழுவிவிடலாம். உறையில் ஊறிய எண்ணெய் மாலை வரை கையை விட்டு நீங்காது.

மெல்லிய ரப்பர் உறை வந்த வரலாறு சுவையானது. 1889-1890ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில், கரோலின் ஹாம்ப்டன் என்னும் செவிலிக்குக் கிருமி கொல்லும் மருந்துநீரால் கைத்தோல் புண்ணாயிற்று. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவருக்காக மெல்லிய ரப்பர் உறைகளைச் செய்வித்தார். நோயாளியைக் காப்பதற்கன்று, வேலை செய்யும் கையைக் காப்பதற்கே அவ்வுறை முதலிற் பிறந்தது.

ஆயினும் மருத்துவமனைக்கு உகந்த ரப்பர் பட்டறைக்கு உகந்ததன்று. மரத்துப் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர், பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் ஊதிப் பருத்து வலிவிழக்கும். நைட்ரில் என்னும் செயற்கை ரப்பர் எண்ணெய்க்கு இளகாது நிற்கும். எண்ணெய் மாற்றும் வேலைக்கு அதுவே தக்கது. அசிட்டோன் போன்ற கரைப்பான்களிடம் நைட்ரிலும் தோற்றுப்போகும். சூட்டிற்கும் கூர்மைக்கும் தோலுறை வேண்டும். பின்னல் நூலுறை மலிவானது; உலர்ந்த பொருளைத் தூக்குவதற்கு நல்லது; எண்ணெயும் அமிலமும் அதனுள் நொடியில் ஊறிவிடும். உறை அணிந்தால் சிறு திருகாணி விரலுக்குத் தட்டுப்படுவதில்லை என்று பழைய மெக்கானிக்குகள் குறை கூறுவர். அக்கூற்று முற்றும் பொய்யன்று. ஆனால் கையளவிற்குப் பொருந்திய மெல்லிய நைட்ரில் உறையைச் சில நாள் பழகியவர் அக்குறையைப் பெரிதாகப் பேசுவதில்லை. மோதிரத்தை மட்டும் முன்னரே கழற்றிவிட வேண்டும். அது மெல்லுறையைக் கிழிக்கும். பாட்டரி முனையிற் பட்டு மின்சாரம் பாய்ந்தால் விரலையே சுட்டுவிடும்.

சுழல்வனவற்றின் அருகில் உறை காவலன் அல்லன், பகைவனே. துளைக்கும் எந்திரம், சுழலும் பெல்ட், விசிறி ஆகியவற்றில் உறையின் ஒரு நூல் சிக்கினாலும் அது விரலையும் உடன் இழுத்துச் செல்லும். அங்கு வெறுங்கையும் எச்சரிக்கையுமே துணை. சில கார்களில் என்ஜின் நின்ற பின்னரும் மின்விசிறி தானே சுழலத் தொடங்கும் என்பதையும் மறத்தலாகாது.

உறையைத் தூய்மை செய்வதில் பெரும்பிழை ஒன்று நெடுங்காலமாக நடந்து வருகிறது. கையையும் உறையையும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ அலசுவதே அது. அழுக்கு விரைவில் நீங்கும் என்பது உண்மை. அதனோடு தோலின் இயற்கை எண்ணெயும் நீங்கிக் கை வறண்டு வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே அழுக்கு மீண்டும் உட்புகும். தோலுறையோ விறைத்துப் பிளவுறும். பெட்ரோல் எஞ்சிய உறைக்கு ஒரு தீப்பொறி போதும். முதலில் பனியன் துணிக் கழிவால் கசட்டைத் துடைத்தெடுக்க வேண்டும். தோலுறையை மென்சோப்பு நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். நூலுறையை வெதுவெதுப்பான சோப்பு நீரில், உட்புறத்தை வெளியே திருப்பி, வீட்டாரின் ஆடைகளோடு சேர்க்காது தனியே துவைக்க வேண்டும். கறுத்த எண்ணெய் ஊறி நாள்பட்ட நூலுறையைத் துவைப்பதினும் எறிவதே நன்று. மெல்லிய நைட்ரில் உறை ஒருமுறைக்கே உரியது. அதனைக் கழுவி மறுநாளைக்கு வைப்பது சிக்கனம் போலத் தோன்றும் நட்டமாகும். அதனைக் கழற்றும்போதும் மணிக்கட்டருகே பிடித்து, உட்புறம் வெளியே வருமாறு உரிக்க வேண்டும்.

எண்ணெய்க்குத் தோற்ற இயற்கை ரப்பர் இந்நாளில் மற்றொரு களத்தில் முன்னிற்கிறது. மின்சாரக் கார்களில் ஓடும் மின்னழுத்தம் உயிரைக் கொல்லவல்லது. செம்மஞ்சள் நிறக் கம்பிகள் அதனை அறிவிக்கும். அங்கு 1,000 வோல்ட் வரை தாங்குமாறு செய்த தடித்த ரப்பர் உறையை அணிந்து, அது கிழியாதிருக்க மேலே தோலுறை ஒன்றும் அணிவர். ஊசிமுனை அளவு துளையும் அங்கு எமனாகும். ஆதலின் ஒவ்வொரு நாளும் வேலைக்குமுன், உறையின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, ஊதிய விரல்களைக் கன்னத்தருகே பிடித்துப் பார்ப்பர். மெல்லிய காற்று கன்னத்தில் பட்டால் அவ்வுறை அன்றே கழிக்கப்படும்.