இரண்டாம் லீகாவில் ஒரு வருடம்

ஷல்க்கே வென்றதா தோற்றதா என்று அறிய எனக்குப் பேப்பர் தேவையில்லை. பியர்க் குவளைகளைப் பார்த்தால் போதும். வென்ற நாளில் அவை வெறுமையாக, ஒன்றுக்குள் ஒன்று செருகியபடி படி ஓரங்களில் கிடக்கும். தோற்ற நாளில் அரைவாசி குடித்தபடியே எறிந்திருப்பார்கள். சப்பாத்து படியில் ஒட்டி ஒட்டி வரும். அதைவிடக் கரைச்சல் சொசேச்சுக்குப் போடுகிற கடுகுக் களி. கொங்கிறீற்றில் காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும்.

கெல்சன்கியர்சனில் உள்ள ஷல்க்கே 04 கழகத்தின் அரங்கு 2001இல் திறந்தது. 62,271 பேர் கொள்ளும். திறந்து சில வருடங்களில் நான் அங்கே கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். பகலில் ஓர் இத்தாலியன் உணவகத்தின் குசினி. ஆட்டம் நடக்கும் நாட்களில், எல்லோரும் போனபிறகு இந்த மினிஜொப். அப்போது மாதம் 400 யூரோவுக்கு மேல் போகக்கூடாது. அந்தக் காசில்தான் மகனின் பள்ளிக்கூடச் சுற்றுலாக்களும் ஊருக்கு அனுப்பும் காசும் ஓடின.

ஊரில் நானும் உதைபந்தாட்டக்காரன்தான். இளவாலைப் பக்கம் பிறந்தவனுக்குக் கிறிக்கெற்றைவிட இதுதான் முதலில் வரும். 1985இல் கிழக்கு பேர்லின் வழியாக இங்கே வந்தேன். வந்த புதிதில் வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்டம் தாண்டவும் அனுமதியில்லை. பந்து மட்டும் எங்கும் இருந்தது. மேல்மாடியில் இருந்த, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர் 1989 ஜூனில் என்னைப் பழைய பார்க் ஸ்ரேடியத்துக்குக் கூட்டிப்போனார். முதல் வருடம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய ஷல்க்கே அப்போது மூன்றாம் பிரிவுக்கும் போய்விடும் நிலையில் இருந்தது. பிளவ்-வைஸ் 90 பேர்லின் என்ற அணியை 4-1 என்று வென்று தப்பினார்கள். தோற்றுத் தோற்றுத் தப்பிய ஓர் அணிக்காக இத்தனை ஆயிரம் பேர் அழுததைப் பார்த்தபோது, சரி, இந்தச் சனத்தோடு இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. 1991இல்தான் திரும்ப மேலே வந்தார்கள்.

அந்த இரண்டாம் பிரிவு முப்பது வருடத்துக்குப் பிறகு திரும்பவும் வந்தது.

கொரோனாக் காலம். ஆட்களில்லாமல் ஆட்டம் நடந்தது. ஆளில்லாத அரங்கில் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது? குசினி வேலைக்குக் குறைநேர உதவிக்காசு வந்தது. மினிஜொப்காரருக்கு அது கிடையாது. எங்களை எடுத்திருந்த துப்புரவுக் கொம்பனி ஒரு கடிதம் போட்டது, பிறகு கடிதமும் இல்லை. மைதானத்திலோ ஷல்க்கே தொடர்ந்து 30 ஆட்டங்கள் வெல்லாமல் இருந்தது. இன்னொன்று போயிருந்தால் தஸ்மானியா பேர்லினின் 31 என்ற பழைய அவமானத்தை எட்டியிருக்கும். 2021 ஜனவரியில் ஹொபன்ஹைமை 4-0 என்று வென்றபோது வீட்டில் மகன் கத்திய சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரி வந்து மணி அடித்தாள். அதுவும் உதவவில்லை. ஏப்ரல் 20ஆம் திகதி பீலபெல்டில் 0-1. இறங்கியாயிற்று. அன்றிரவு திரும்பிவந்த விளையாட்டுக்காரரைச் சில ரசிகர்கள் முட்டையெறிந்து துரத்தினார்கள். மகன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ரெலிபோனைக் கவிழ்த்து வைத்தான்.

"அப்பா, இனி உங்களுக்கு அங்க வேலை இருக்குமோ?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில் நான் கொஞ்சம் ஆடிப்போனேன். ஏனென்றால் என் அந்த வேலையைப்பற்றி அவன் பேசி 13 வருடம்.

2008இல் அவனுக்கு 12 வயது. கூட்டாளிமாரோடு வடக்கு வளைவில் நின்று ஆட்டம் பார்த்துவிட்டு வெளியே வந்தான். நான் செம்மஞ்சள் மேற்சட்டையும் நீளக் குறடுமாக வாசலில் நின்றேன். என்னைக் கண்டான். கண்டுவிட்டு, பக்கத்துப் பெடியனோடு எதையோ பெலத்துக் கதைத்தபடி போய்விட்டான். நானும் கூப்பிடவில்லை. வீட்டில் இருவரும் அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை. பிறகு அவன் வளர்ந்து, மின்சார வேலை படித்து, சொந்தக் காசில் வருடச் சீட்டு எடுத்தான். அவன் நிற்கிற அதே படிகளை ஆட்டம் முடிய நான் கூட்டுவேன். அவன் எந்தக் கம்பியில் சாய்ந்து நிற்பான் என்றுகூட எனக்குத் தெரியும்.

2021 ஜூலை 23. இரண்டாம் லீகாவின் முதல் ஆட்டமே ஹம்பேர்க்கோடு, அதுவும் எங்கள் அரங்கில். பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டால் அரங்கின் மூன்றிலொரு பங்குச் சனம்தான். சிமோன் தெரொடே ஒரு கோல் அடித்தார், ஆனால் 1-3 தோல்வி. எங்களில் பாதிப் பேரைத்தான் கொம்பனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. என்னோடு வன்னியில் இருந்து வந்த ஓர் அக்கா வேலைசெய்தா. குவளைகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவையள் மூண்டாம் பிரிவுக்கும் போயிடுவினம் போல" என்றா. ஓகஸ்டில் றேகன்ஸ்பூர்க்கில் 1-4 என்று உதை வாங்கியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தெரொடேயைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் மேல் லீகாவில் பெரிதாகச் சோபிக்கவில்லை. இரண்டாம் பிரிவில் அவரை வெல்ல ஆளில்லை. அந்த ஒக்டோபரில், டீற்றர் ஷற்ஷ்னைடர் வைத்திருந்த 153 கோல்கள் என்ற இரண்டாம் பிரிவுச் சாதனையைத் தாண்டினார். ஜேர்மன்காரர் இதைப் பாதி புகழ்ச்சியாகவும் பாதி கேலியாகவும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிப்பதில்லை. தனக்குக் கிடைத்த தட்டில் ஒருவன் 30 கோல் அடித்தால் அது 30 கோல்தான்.

மாரியில் திரும்பக் கதவு மூடினார்கள். ஜனவரியில் எங்கள் மாநிலத்தில் 750 பேருக்கு மேல் விடக்கூடாது என்று சட்டம். 62 ஆயிரம் கதிரைக்கு 750 பேர்! இரண்டு பேர் கூட்டினால் போதும். அந்த இருவரில் நான் இல்லை. மகன் மாதக் கடைசியில் மேசையில் ஒரு கடித உறை வைத்தான். எடுக்கமாட்டேன் என்றேன். "அம்மாட்டக் குடுக்கிறன்" என்று எடுத்துக்கொண்டு போனான். மனிசி வாங்கிவிட்டா. அது எனக்கு இரண்டு கிழமை நித்திரையைக் கெடுத்தது.

பெப்ரவரி 24, உக்ரைனில் போர். 2007 முதல் நீலச் சட்டையின் நெஞ்சில் இருந்த ரஷ்ய எரிவாயுக் கொம்பனியின் பெயரைக் கழகம் எடுத்தது. அந்த இடத்தில் ஷல்க்கே 04 என்று மட்டும் இருந்தது. கழகம் ஏற்கனவே பெரிய கடனில் இருந்த நேரம். பங்குனியில் எங்கள் தெருவுக்கு உக்ரைன் குடும்பங்கள் வந்தன. அவர்களுக்கு உடனே வேலை செய்ய அனுமதி. நல்லதுதான், மனதார நல்லது. ஆனாலும் 1985இன் என் சூட்கேஸ் ஒருமுறை நினைவுக்கு வந்துபோனது, மறைக்க என்ன இருக்கிறது.

மார்ச் தொடக்கத்தில் றொஸ்ரொக்கிடம் சொந்த அரங்கில் 3-4. பயிற்சியாளர் கிராமோசிஸை அனுப்பிவிட்டு, பழைய ஆட்டக்காரர் மைக் பியூஸ்கன்ஸை நிறுத்தினார்கள். மிச்சம் ஒன்பது ஆட்டங்களில் எட்டை வென்றார்கள். தோற்ற ஒன்று பிறேமனோடு, 1-4. அன்றுதான் ஆகக் கூடுதலான அரைக் குவளைகள். அரங்கு நிறையத் தொடங்கியதால் என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். மனிசி கோயிலில் ஷல்க்கேயின் பெயரில் அர்ச்சனை செய்யப் போனவ, நட்சத்திரம் தெரியாமல் ரெலிபோன் எடுத்தா. 1904 மே 4இல் தொடங்கிய கழகம் என்று மகன் சொன்னான். "நேரம்?" என்று கேட்டா. அதோடு அந்த அர்ச்சனை மகன் பெயரிலேயே நடந்தது.

மே 7, சனி இரவு. சங்ட் பவுலியோடு. வென்றால் ஏற்றம். நாங்கள் உள்வழியில் குறடுகளோடு காத்திருந்தோம். மைதானம் தெரியாது, சத்தம்தான். முதல் பாதியில் இரண்டுமுறை அரங்கு மௌனமானது. அத்தனை ஆயிரம் பேரின் மௌனம் கொங்கிறீற்றில் கேட்கும். 0-2. இடைவேளை முடிந்த கையோடு தண்டஉதையில் தெரொடே ஒன்று. பிறகு தெரொடே இன்னொன்று. 78ஆம் நிமிடம் றொட்றிகோ சலசார். மேலே கூரை குதித்ததுபோல் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

விசில் ஊத சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. நாங்கள் உள்ளே போக நடுச்சாமம் கடந்துவிட்டது. புல்லில் குழிகள். அந்தப் புல்தரை 11 ஆயிரம் தொன் எடையுள்ள ஒரு தட்டு. வேண்டியபோது அப்படியே வெளியே தள்ளி வெயிலில் விடுவார்கள். காயப்பட்ட மாட்டைப்போல அது கிடந்தது. படிகளில் சால்வைகள், ஒற்றைச் சப்பாத்து, ஒரு கண்ணாடி. குவளைகளை எண்ண ஏலாது, எல்லாம் வெறுமை.

வடக்கு வளைவுக்கு நான் வந்தபோது அவன் தன் கம்பியில் சாய்ந்து இருந்தான். தொண்டை அடைத்திருந்தது. எப்படி இன்னும் உள்ளே இருந்தான் என்று நான் கேட்கவில்லை. எழும்பி, சாக்கை என் கையிலிருந்து வாங்கிப் பிடித்தான். நான் குறடால் எடுத்துப் போட்டேன். பத்துப் படிகூட முடியவில்லை, மேற்பார்வையாளர் கீழிருந்து கத்தினார்: காப்புறுதி இல்லாத ஆள் தொடக்கூடாது. சரிதானே. மகன் சாக்கைத் தந்துவிட்டு, "என்ர அப்பா அவர்" என்று ஜேர்மனில் கீழே பார்த்துச் சொன்னான். "அவர் முடிக்குமட்டும் இதில இருக்கிறன்."

விடிய ஐந்தரைக்கு முடிந்தது. ஞாயிறு, இங்கே அன்னையர் தினம். பெற்றோல் செற்றில் பூ வாங்கினான். காரில் இருவரும் பேசவில்லை. வீட்டில் மனிசி புட்டு அவித்திருந்தா, அவன் மூன்று கோப்பை சாப்பிட்டான்.

அடுத்த வாரம் நூர்ண்பேர்க்கிலும் வென்று 65 புள்ளிகளோடு முதலிடம். மேலே போன சந்தோசம் ஒரு வருடம்தான். 2023 மே 27இல் லைப்சிக்கில் 2-4, திரும்ப இறக்கம். அன்றிரவு மகன் எடுத்தான். அழுவான் என்று நினைத்தேன்.

"அப்பா, புது அட்டவணை வரட்டும். உங்கட வேலை நாளுகளை எனக்கு அனுப்புங்கோ, கார் கொண்டு வாறன்" என்றான்.