கறுப்பு அபாயாவில் வெள்ளைக் கோடுகள்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் கறுப்பு உடுப்புகளில் வெள்ளைக் கோடுகள் விழும். கைமடிப்பிலும் கீழ்விளிம்பிலும் அதிகம். கடந்த ஓகஸ்டில் மாமி மகளின் கலியாண வீட்டுக்கு நான் உடுத்துப்போன அபாயாவில் இருந்த கோடுகளை ஒரு ராத்தா எல்லோர் முன்னிலும் விரலால் தட்டிக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் கத்தினேன்.

"பவுடர அள்ளிக் கொட்டுறீங்க உம்மா. ஒழுங்கா அலசுறதுமில்ல."

உம்மா பதில் சொல்லவில்லை. அபாயாவை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் இன்னும் இரண்டு தரம் அலசிக் காயப்போட்டார். மறுநாள் பார்த்தால் கோடுகள் அப்படியே நின்றன. அப்போதும் என் பிடிவாதம் குறையவில்லை. பவுடர்தான் காரணம் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும் என்றிருந்தது.

உயிரியல் செய்முறை முடிந்த ஒரு நாள் டீச்சரிடம் கேட்டேன். "பாக்கலாம். ஆனா ஒரு வழுக்கி போதாது, மூண்டு வேணும்" என்றார். முதலாவதில் காய்ச்சி வடித்த நீரில் கரைத்த சலவைத் தூள். இரண்டாவதில் வெறும் கிணற்று நீர். மூன்றாவதில் அபாயாவின் வெள்ளைக் கோட்டைச் சுரண்டி எடுத்துக் கரைத்த துளி.

நுணுக்குக்காட்டியில் நூறு மடங்கில் முதலாவது துளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. துளியின் விளிம்புதான் முதலில் காய்கிறது. அங்கே ஒரு சிறு கீறல் தோன்றியது. இமைப்பதற்குள் அது ஊசியாக நீண்டது. ஊசியின் இரு பக்கமும் கிளைவிட்டு, கோழி இறகு போல நடுவை நோக்கி ஓடியது. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த இன்னோர் இறகு அதில் முட்டி நின்றது. பல சலவைத் தூள்களில் சோடியம் காபனேற்று, சோடியம் சல்பேற்று போன்ற உப்புகள் நிறைய இருக்கும் என்பது பாடத்தில் படித்ததுதான். அவை இப்படி ஓடி வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டேன். கூர்முனைகள் முதலில் மழுங்கின, கிளைகள் கழன்றன, கடைசியில் தண்டும் போய்விட்டது. மறுபடி காயவிட்டால் மறுபடி ஊசிகள், ஆனால் வேறு இடத்தில். மூன்று தரம் செய்தேன். டீச்சர் சாவியைக் குலுக்கினார்.

முன்னூறு வருடங்களுக்கு முன்பே உப்புப் பளிங்குகளை இப்படிப் பார்த்து எழுதிய லீவன்ஹுக் ஒல்லாந்தில் ஒரு துணி வியாபாரி. எங்கள் காத்தான்குடியில் பிறந்திருந்தாலும் அவருக்குத் தொழிலுக்குக் குறைவிருந்திராது.

இரண்டாவது வழுக்கியில் ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன். கட்டம் கட்டமாகச் சதுரங்கள் நிறைந்திருந்தன. ஊசி ஒன்றுகூட இல்லை. சோடியம் குளோரைட்டு சதுரமுகியாகப் பளிங்காகும். அது கறியில் போடும் உப்பேதான்.

மூன்றாவதில் பெரும்பாலும் சதுரங்கள், இடையிடையே சில ஊசிகள்.

"வடிவம் மட்டும் சாட்சியில்ல" என்றார் டீச்சர். கோட்டைக் கரைத்த நீரில் ஐதான நைத்திரிக்கமிலம் விட்டு, பிறகு வெள்ளி நைத்திரேற்றில் இரண்டே துளி தந்தார். அமிலம் முதலில் விடாவிட்டால் காபனேற்றும் வீழ்படிவாகி நம்மை ஏமாற்றிவிடும். பாலாக வெளுத்தது. குளோரைட்டுத்தான்.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல். மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் நன்னீர்ப் படையாக நிற்கிறது. கச்சான் காலத்தில் மழையில்லை, இறைப்பு மட்டும் நிற்பதில்லை. படை மெலிய மெலியக் கிணறு உவர்க்கிறது. அந்த நீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் தூளின் ஒரு பங்கைத் தாமே பிடித்துக்கொள்வதால் நுரை குறைகிறது. அதனால் உம்மா இன்னொரு கை அள்ளிப் போடுகிறார். அந்தச் சில ஊசிகள் அப்படி வந்தவையாக இருக்கலாம். ஆனால் உவர் நீரில் எத்தனை தரம் அலசினாலும் அந்த நீரே காயும்போது உப்பை விட்டுவிட்டுத்தான் போகும். அன்று உம்மா அலசிய இரண்டு தரமும் வீண்.

அன்றிரவு வழுக்கிகளைப் பற்றிச் சொன்னேன். உம்மா விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நுனிகள் வெடித்திருந்தன. எத்தனை நாளாக அப்படி இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

"கச்சானுக்குக் கிணத்துத் தண்ணி கரிக்கும் மகள். அது ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்றார்.

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?"

"நீ கத்தின கத்துக்குள்ள எங்க சொல்ற?"

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. எண்ணெய்ப் போத்தலை வாங்கி மற்றக் கைக்கு நான் தடவிவிட்டேன்.

குழாய்த் தண்ணீர் எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். பில்லுக்குப் பயம். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு வாளி தரும்படி வாப்பாவிடம் கணக்குப் போட்டுக் காட்டி அனுமதி வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலையில் அந்த இரண்டு வாளியையும் கிணற்றடிக்குத் தூக்கிப்போவது என் வேலை. கறுப்பு உடுப்புகளை இப்போது நான்தான் அலசுகிறேன். கைமடிப்பில் இன்னும் ஒரு மெல்லிய கோடு நிற்கிறது.